பம்பை மாற்றும் முன்: இழுவை போன பிக்கப்போடு நான் பட்டது

குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை, தக்கலை, மார்த்தாண்டம் என்று எந்த ஸ்டாண்டில் போய் நின்றாலும் பிக்கப் ஓட்டுகிறவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "வண்டி இழுக்கல." அந்த ஒரு சொல்லுக்குள் பல நோய் இருக்கிறது. டீசல் போதாமல் போகலாம், காற்று போதாமல் போகலாம், சென்சார் தப்பாகச் சொல்லலாம், புகை போகிற வழி அடைத்திருக்கலாம். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். மிதிக்கிறோம், வண்டி வரவில்லை. சர்வீஸ் சென்டரில் இதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: டீசலை அழுத்தித் தள்ளும் பம்ப், அதை இன்ஜினுக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர். இரண்டும் சேர்ந்தால் பல மாதத் தவணைக் காசு போய்விடும்.

எனக்கும் அப்படி ஒரு எஸ்டிமேட் தந்தார்கள், ஒரு லட்சத்துக்கு மேல். கடைசியில் பம்பும் மாறவில்லை, இன்ஜெக்டரும் மாறவில்லை. பாகத்தை மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் சோதனையில் கண்ட அளவைக் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் நான் சொல்ல வந்தது.

என்னுடையது ஒன்றரை டன் வகை பிக்கப். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டி. விடியற்காலையில் முட்டத்திலோ குளச்சலிலோ மீன் லோடு. பகலில் வாழைத்தார், ரப்பர் ஷீட், கட்டடச் சாமான் என்று எது கிடைக்கிறதோ அது. ஓனரும் நானே, டிரைவரும் நானே. கோளாறு மெல்லத்தான் வந்தது. காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. லோடோடு தக்கலை தாண்டி மேற்கே போகும்போது, மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த மேட்டில் இரண்டாவது கேட்க ஆரம்பித்தது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினால் பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார். அப்புறம் ஒருநாள் செக் லைட் எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் சுற்றவில்லை. இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும் நிலை அது, லிம்ப் மோட் என்பார்கள். சாவியை அணைத்து மறுபடி போட்டால் கொஞ்ச தூரம் ஒழுங்காக ஓடும். இந்த வசதியை வைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்களை எனக்குத் தெரியும்.

டீசல் பில்டரை மாற்றினேன். வண்டி பழையபடி பறந்தது. சில வாரம் கழித்து மறுபடி அதே கதை. சர்வீஸ் சென்டரில் விட்டேன். "பம்ப் வீக், இன்ஜெக்டர் நாலும் போச்சு, டீசல்ல தண்ணி இருந்திருக்கு, அதனால வாரண்டி வராது" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். "பம்ப் தேய்ந்திருந்தால் புது பில்டர் போட்டவுடன் எப்படிச் சரியானது?" என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. ஸ்கேனில் கண்ட அளவுகளை அச்சிட்டுத் தரச் சொன்னேன். அதுவும் உடனே வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டம் பக்கத்தில் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதானவர், பழைய பம்ப் காலத்திலிருந்து டீசல் வேலை செய்கிறவர், ஸ்கேனரும் வைத்திருக்கிறார். எல்லாரும் ஆசான் என்றே கூப்பிடுவோம்.

இந்த இன்ஜின்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஏமாறுவது குறையும். டேங்கிலிருந்து டீசல் பில்டர் வழியாக உயர் அழுத்த பம்புக்கு வருகிறது. பம்ப் அதை ரெயில் என்ற கனத்த குழாயில் அழுத்தி வைக்கிறது. அங்கிருந்து இன்ஜெக்டர்கள் கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்துக்குத் தெளிக்கின்றன. சும்மா நிற்கும்போது ரெயிலில் 300 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். முழு லோடில் 1,600 பார் வரை போகும். பின் டயருக்கு நாம் அடிக்கும் காற்று நாலைந்து பார்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த அழுத்தத்தைத் தாங்க உள்ளே அசையும் பாகங்களுக்கு நடுவே சில மைக்ரான் இடைவெளிதான் விட்டிருக்கிறார்கள். தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான். இன்னொன்று, பம்புக்குத் தனியாக ஆயில் கிடையாது, டீசல்தான் அதற்கு ஆயில். தண்ணீர் வந்தால் அந்த வழுவழுப்பு போகும், துரு பிடிக்கும். மண்ணெண்ணெய் கலந்தாலும் இதே தேய்மானம்தான். கேனில் விலை குறைத்து யார் டீசல் தந்தாலும் நான் வாங்காததற்குக் காரணம் இதுதான். லிட்டருக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து பம்பைத் தொலைக்க முடியாது.

ஆசான் ஸ்கேனரை மாட்டி, என்னை லோடோடு ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்று, கம்ப்யூட்டர் கேட்கும் ரெயில் அழுத்தம். மற்றது, உண்மையில் கிடைக்கும் அழுத்தம். மேட்டில் ஏறும்போது கேட்டது 1,400, கிடைத்தது 900 சொச்சம். சமதரையில் இரண்டும் ஒட்டிப் போயின. பில்டரைக் கழற்றிப் புதிது மாட்டி அதே மேட்டில் மறுபடி ஏற்றினோம். இப்போது 1,400 கேட்டதற்கு 1,400 ஒட்டியே வந்தது.

"மக்கா, பம்ப மாத்தாண்டாம். பம்புக்குத் தின்ன கிடைக்கல, அவ்வளவுதான்" என்றார்.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் சோதனை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளித்தது போக மிச்ச டீசலை ஒரு சின்னக் குழாய் வழியாகத் திருப்பி அனுப்பும். அந்தக் குழாய்களைக் கழற்றி நாலு ஒரே மாதிரிக் குப்பிகளில் விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். ஒரு குப்பி மட்டும் சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து கசிகிறது. என் வண்டியில் நாலு குப்பியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன, அதுவும் குறைவாகவே. "நாலும் போச்சு" என்று சொன்ன சர்வீஸ் சென்டரில் இந்தச் சோதனையைச் செய்தார்களா என்று பிறகு கேட்டேன். செய்த வேலையை எழுதும் ஜாப் கார்டில் அப்படி ஒரு வரியே இல்லை. பெரிய செலவுக்குப் போகாத சோதனை இது. இன்ஜெக்டர் மாற்றச் சொன்னால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

சரி, பில்டர் ஏன் அத்தனை சீக்கிரம் அடைக்கிறது? கழற்றிய பில்டரின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தோம். மேலே டீசல், கீழே விரல் கனத்துக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவே கருப்பாகச் சளி மாதிரி ஒரு படலம். தண்ணீர் டீசலைவிட கனம், அதனால் அடியில் தங்கும். இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளரும். பில்டரை அடைத்தது அந்தப் படலம்தான்.

உடனே எல்லாரும் பங்க் மேல் பழி போட்டார்கள். அதில் நியாயம் இருக்கும் நேரமும் உண்டு. ஆனால் பங்கில் கேட்டுப் பார்க்க நமக்கு வழி இருக்கிறது. டென்சிட்டி (அடர்த்தி) மீட்டரும் தெர்மாமீட்டரும் அங்கே இருக்க வேண்டும். 15 டிகிரிக்குக் கணக்கிட்ட டென்சிட்டி, பங்குக்கு டேங்கர் லோடு வந்தபோது பதிவான அளவிலிருந்து கனமீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. அளவில் சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவைக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். பில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டுக் கறை பார்ப்பது பெட்ரோலுக்கு மட்டும். டீசலுக்கு அதைக் கேட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை. டென்சிட்டி சோதனை கலப்படத்தைக் காட்டும், தொட்டியின் அடியில் கிடக்கும் தண்ணீரைக் காட்டாது. அதற்கு அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவித் தொட்டியின் அடி வரை இறக்குவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் பசை நிறம் மாறும். நான் வழக்கமாக அடிக்கும் பங்கில் இரண்டையும் கேட்டேன். மேனேஜர் முகம் கொஞ்சம் சுளித்தாலும் செய்து காட்டினார். டென்சிட்டி சரி, பசை நிறம் மாறவில்லை.

பங்க் தேர்வில் என் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். விற்பனை அதிகம் நடக்கும் பங்கில்தான் அடிப்பேன். களியக்காவிளையில் நம் பக்கத்துப் பங்குகளில் கேரள வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2023 ஏப்ரலில் கேரளாவில் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி ஏறியபின் விலை வித்தியாசம் இன்னும் கூடியது. அப்படி ஓட்டம் உள்ள இடத்தில் டீசல் நாள்கணக்கில் தொட்டியில் கிடக்காது. டேங்கர் இறக்கிக்கொண்டிருக்கும்போது அடிக்க மாட்டேன், அடியில் தங்கியது கலங்கி வரும். 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் தேங்கினால், நீர் வடிந்த கையோடு அந்தப் பகுதிப் பங்கில் டேங்க் நிரப்புவதையும் தவிர்ப்பேன்.

மறுபடி அந்தக் குப்பிக்கு வருவோம். ஆசான் அதை ஓரமாக வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மேலே இருந்த டீசலைச் சாய்த்து ஊற்றிவிட்டு, அடித் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு தகரத்தில் விட்டு வெயிலில் வைத்தார். காய்ந்ததும் தகரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

"இது பங்க் தண்ணியில்ல, மீன் தண்ணியாக்கும். மேல இருந்து இறங்குது, கேட்டியா. டேங்க இறக்கு."

மீன் லோடு அடிப்பவர்களுக்குத் தெரியும், பெட்டியில் எவ்வளவு ஐஸ் போட்டாலும் வழியெல்லாம் உருகி ஒழுகும். அந்த உப்புத் தண்ணீர் பாடியின் தரைத் தகடு சேரும் இடத்தில் இருந்த ஒரு இடுக்கு வழியாக, நேராக டீசல் டேங்கின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. டேங்கின் மேலே அளவு காட்டும் மிதவையை ஒரு வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். அதன் ரப்பர் வாஷர் உப்பில் ஊறி வெடித்திருந்தது. சுற்றிலும் குளம் மாதிரித் தண்ணீர் நின்ற தடம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. எத்தனை பங்க் மாற்றினாலும் தீர்ந்திருக்காது, பம்பை மாற்றியிருந்தால் புதுப் பம்பும் அதே உப்புத் தண்ணீரைக் குடித்திருக்கும்.

இந்த இடத்தில் இன்னொரு பேச்சையும் தீர்த்துவிடலாம். ராத்திரி டேங்க் பாதியாக இருந்தால் ஈரம் குளிர்ந்து தண்ணீராகும், அதனால்தான் தண்ணீர் சேர்கிறது என்று பலர் சொல்வார்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் பெரிதாக வித்தியாசப்படும் ஊர்களில் அது உண்மையான தொல்லை. நம் கடலோரத்தில் அந்த வித்தியாசம் சின்னது. சில வாரத்தில் விரல் கனத் தண்ணீர் வருகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதைத் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.

டேங்கை இறக்கிக் கழுவிக் காயவைத்து, உள்ளே இருந்த சல்லடையைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டோம். பாடி பட்டறையில் இடுக்கை அடைத்து, டேங்குக்கு மேலே சரிவாக ஒரு தகடும், ஐஸ் தண்ணீர் பின்பக்கமாக வெளியேற ஒரு குழாயும் வைத்தேன். பம்ப் எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மீன் லோடு அடிக்கும் எல்லா வண்டியிலும் இந்தத் தகட்டை வாங்கும்போதே வைத்துக்கொள்வது நல்லது. இப்போது ஒரு பழக்கம் இருக்கிறது: வாரத்தில் ஒரு காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், பில்டர் அடித் திருகை லேசாகத் திறந்து ஒரு குப்பியில் பிடித்துப் பார்ப்பேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் தண்ணீர் அடியில் தெளிவாகத் தங்கியிருக்கும். டேஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த சென்சாரின் கனெக்டர் முனையும் உப்பில் அரித்துப்போயிருந்தால் விளக்கு எரியவே எரியாது. என் வண்டியில் அதுதான் நடந்திருந்தது.

உப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. கடற்கரை வண்டிகளில் இழுவை போகும் காரணங்களில் பாதி வயரிங்தான் என்று சொல்வேன். ரெயில் அழுத்த சென்சார், பெடல் சென்சார் ஆகியவற்றின் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து மாட்டினாலே பல வண்டி திருந்திவிடும். ஹை பிரஷர் தண்ணீர் அடித்து இன்ஜினைக் கழுவுவதை நான் விட்டுவிட்டேன்.

எல்லா இழுவைக் குறையும் டீசல் சம்பந்தப்பட்டதும் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் ஏற்றும் நண்பர் ஒருவரின் வண்டி மேட்டில் கரும்புகை கக்கிக்கொண்டு நின்றது. அவரிடமும் இன்ஜெக்டர் என்றுதான் சொன்னார்கள். புகையின் நிறத்தைக் கேளுங்கள் என்று ஆசான் சொல்லுவார். கரும்புகையோடு சக்தி குறைந்தால் டீசல் வருகிறது, காற்று போதவில்லை. புகையே இல்லாமல் சக்தி குறைந்தால் டீசல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். ஆனால் புகை வழியில் பில்டர் வைத்த பிஎஸ்-6 வண்டியில் கரும்புகை அதற்குள்ளேயே தங்கிவிடும், அங்கே இந்தக் கணக்கு முழுசாக உதவாது. நண்பருடையது பழைய வண்டி. காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் அடிப்பக்கத்தில் கிழிந்திருந்தது. நின்ற வண்டியில் தெரியாது, லோடில் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் பிளக்கும். மிதிக்கும்போது 'உஸ்' என்ற சத்தமும், ஹோஸ் மேல் எண்ணெய் படிந்த ஈரமும் அடையாளம்.

வேறு சிலது வேகமாக. ஓடும் வண்டி திணறும்போது டேங்க் மூடியைத் திறந்ததும் 'ஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, பிறகு வண்டி சரியாக ஓடினால், டேங்கின் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்தால் டீசல் குழாயில் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாக மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். மலிவான போலி பில்டரின் வாஷர் சரியாக உட்காராததாலும் இது வரும். மார்த்தாண்டம், தக்கலை நெரிசலிலேயே சுற்றும் பிஎஸ்-6 வண்டியில் புகை பில்டர் கரியால் அடைந்து சக்தி குறையும். அதற்கு ஒரே சீரான வேகத்தில் ஓட்டம் வேண்டும். எனக்குப் புகை பில்டர் விளக்கு எரிந்தால் காவல்கிணறு நால்வழிச் சாலைக்கு ஒரு லோடு கிடைக்குமா என்று பார்ப்பேன்.

ஜூன், ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழிக்கு முன்னால் மட்டும் வண்டி இழுக்கவில்லை என்று யாராவது சொன்னால் மெக்கானிக்கிடம் அனுப்பாதீர்கள். அது கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. உயரமாகத் தார்ப்பாய் கட்டியிருந்தால் இன்னும் மோசம்.

கைவேலை தெரிந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய டீசல் வண்டிகளில் ஏர் பிடித்தால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, இன்ஜினைச் சுற்றவிட்டு ஏர் எடுப்போம். மேலே சொன்ன ரெயில் உள்ள வண்டிகளில் (காமன் ரெயில் என்பார்கள்) அதைச் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை அழுகும். அப்படிப் பட்டால் வலி இல்லை என்று விட்டுவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏர் எடுக்க, பில்டர் மேல் உள்ள கை பம்பை இறுகும்வரை அமுக்கினால் போதும். கசிவு தேடுவதற்கு விரலை வைக்காமல் அட்டைத் துண்டைக் காட்டுங்கள்.

வாரண்டி விஷயம் கடைசியாக. "டீசலில் தண்ணீர்" என்று சொல்லிவிட்டால் வாரண்டி மறுப்பது அவர்களுக்கு எளிது. எந்தப் பாகம் எந்த அளவில் தோற்றது, ஸ்கேனரில் என்ன கோளாறு எண் வந்தது, ரிட்டர்ன் சோதனையில் என்ன கண்டது என்று ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள். எழுதச் சொன்னதும் எனக்கான எஸ்டிமேட்டில் இன்ஜெக்டர்கள் காணாமல் போயின. டீசல் பில்லை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பங்கையோ வாரண்டியையோ எதிர்த்துப் பேச அதுதான் சாட்சி. லோடு வண்டி தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் நீதிமன்றம் செல்லாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாக மட்டுமே பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று தெளிவாக இருக்கிறது. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டு, அவர்கள் தரும் புகார் எண்ணை ஜாப் கார்டின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.